‘வேண்டிக்கிட்டியா?’ என்று அம்மா கேட்கும்போது

கேள்வி:

எனக்கு 43 வயது. பக்தி மிகுந்த குடும்பத்தில் பிறந்து, அதே பக்தியோடு வளர்ந்தவன். அப்பா இறந்தபோதுகூட என் நம்பிக்கை ஆடவில்லை. ஆனால் அதன்பின் வந்த ஆண்டுகளில், எந்த நாளில் என்று சொல்லத் தெரியாதபடி, அது வடிந்துபோய்விட்டது. யார்மீதும் கோபமில்லை. ஒருநாள் கண்ணை மூடி நின்றபோது எதிரே யாரும் இல்லை என்று தோன்றியது. அவ்வளவுதான். பிறகு எவ்வளவு முயன்றும் பழையபடி வரவில்லை. இரவில் கடவுள் உண்டு என்று வாதாடும் காணொளிகளையும் இல்லை என்று வாதாடும் காணொளிகளையும் மாறி மாறிப் பார்க்கிறேன். தூங்க இரண்டு மணி ஆகிவிடுகிறது.

78 வயது அம்மா எங்களோடு இருக்கிறார். வீட்டில் தினமும் நடக்கும் வழிபாட்டை அப்பாவுக்குப் பிறகு நான்தான் நடத்துகிறேன். படுக்கப் போகும்முன் அம்மா, ‘வேண்டிக்கிட்டியாப்பா?’ என்று கேட்பார். ‘ஆமாம்மா’ என்பேன். அந்தச் சொல் தொண்டையிலேயே நிற்கிறது. 9 வயது மகள் போன வாரம், ‘அப்பா, கடவுள் நிஜமாவே இருக்காரா? நீங்க பாத்திருக்கீங்களா?’ என்று கேட்டாள். ‘இருக்காரும்மா’ என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டேன். என் மனைவி நம்பிக்கை உள்ளவர்.

இன்னொன்றும் இருக்கிறது. இயந்திரங்களின் பாதுகாப்பைச் சோதித்து அறிக்கை தருவது என் வேலை. செய்யாத ஒரு சோதனையைச் செய்ததாக எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்கிறார் மேலதிகாரி. மாத முடிவுக்குள் வேண்டுமாம். முன்பு இப்படி ஏதாவது வந்தால், ‘மேலே ஒருத்தன் பார்த்துக்கிட்டிருக்கான்’ என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு மறுத்துவிடுவேன். இந்த முறை மறுப்பதற்குக் காரணம் தேடுகிறேன், கிடைக்கவில்லை. கடவுள் பயம் போன பிறகு நான் ஏன் நேர்மையாக இருக்க வேண்டும்? தினமும் வழிபாடு நடத்தும் நான் வேஷக்காரனா? போன நம்பிக்கை திரும்பி வருமா?

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

எந்த மதம் என்று நீங்கள் எழுதவில்லை. நானும் ஊகிக்கப்போவதில்லை. கடவுளின் பெயரை மட்டும் மாற்றிப்போட்டால் இந்தக் கடிதத்தை எந்த மதத்தைச் சேர்ந்தவரும் எழுதியிருக்கலாம். கடவுள் உண்டா இல்லையா என்பதற்கு மட்டும் என்னிடம் விடை எதிர்பார்க்காதீர்கள். நான் உளவியல் ஆலோசகர். அதற்கு விடை சொல்லும் தகுதி என் படிப்பில் இல்லை. சொல்லிப் பார்க்கும் ஆசையும் எனக்கில்லை.

என் துறை உறுதியாகச் சொல்லக்கூடிய ஒன்று உண்டு. உங்களுக்கு வந்திருப்பது நோய் அல்ல. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 1994இல் வெளியிட்ட மனநலக் கையேட்டின் நான்காம் பதிப்பில், மத, ஆன்மிகச் சிக்கல்கள் என்று ஒரு தனி வகையைச் சேர்த்தார்கள். இருந்த நம்பிக்கை போய்விட்டதால் வரும் தவிப்பு, அதைக் கேள்வி கேட்பதால் வரும் தவிப்பு, மதம் மாறியதால் வரும் தவிப்பு எல்லாம் அதில் அடங்கும். அதை மனக்கோளாறுகளின் வரிசையில் அவர்கள் வைக்கவில்லை. கோளாறு இல்லாவிட்டாலும் உட்கார்ந்து பேச வேண்டிய வாழ்க்கைச் சிக்கல்கள் என்று ஒரு பகுதி இருக்கிறது, அங்கே வைத்தார்கள். மத நம்பிக்கையையே ஒரு மாயை என்று ஃபிராய்டு 1927இல் எழுதிவைத்த துறை இது. நம்பிக்கை இருப்பதையும் குறையாகப் பார்க்காமல், அது போவதையும் குறையாகப் பார்க்காமல் பேசக் கற்றுக்கொள்ள எங்களுக்கே இவ்வளவு காலம் பிடித்திருக்கிறது.

உங்கள் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அம்மாவைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள், மகள் பேசியதை அப்படியே எழுதியிருக்கிறீர்கள், மேலதிகாரிக்குக்கூட நாலைந்து வரி ஒதுக்கியிருக்கிறீர்கள். மனைவிக்கு மட்டும் நான்கே சொற்கள். அவரிடம் இதைச் சொன்னீர்களா, சொல்ல முயன்றீர்களா, எதுவும் இல்லை. சொல்லவில்லை என்றே எடுத்துக்கொள்கிறேன். சொல்லியிருந்தால் நடுராத்திரியில் காணொளிகளோடு உட்கார்ந்திருக்க மாட்டீர்கள்.

நம்பிக்கை போனதுதான் உங்களை வதைக்கிறது என்று நினைக்கிறீர்கள். கடிதத்தில் எனக்குத் தெரிவது வேறு. அம்மாவிடம் சொல்லும் ‘ஆமாம்மா’, மகளிடம் சொன்ன ‘இருக்காரும்மா’, அறிக்கையில் போடச் சொல்லும் கையெழுத்து: மூன்றும் பொய்கள். மூன்று இடங்களிலும் உங்களை உறுத்துவது அந்தப் பொய்தான். நேர்மையாக இருக்கக் காரணமே கிடைக்கவில்லை என்று எழுதுகிற மனிதருக்கு, ஒரு சிறிய ‘ஆமாம்மா’கூடத் தொண்டையை விட்டு இறங்க மறுக்கிறது. காரணம் போயிருக்கலாம். நேர்மை எங்கும் போகவில்லை.

மாத முடிவு நெருங்குவதால் அலுவலக விஷயத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

நன்மைக்கும் கடவுளுக்கும் என்ன உறவு என்பது மிகப் பழைய கேள்வி. ஏறத்தாழ 2,400 ஆண்டுகளுக்கு முன் பிளேட்டோ தன் உரையாடல் ஒன்றில் சாக்ரடீஸின் வாயால் அதைக் கேட்டுவைத்தார். ஒரு செயலைத் தெய்வங்கள் விரும்புவதால் அது புனிதமாகிறதா, புனிதமாக இருப்பதால் அதைத் தெய்வங்கள் விரும்புகின்றனவா? இது நாத்திகர்களின் கேள்வி என்று நினைத்துவிடாதீர்கள். இஸ்லாமியச் சிந்தனையில் முஃதஸிலாக்களுக்கும் அஷ்அரிகளுக்கும் இடையே நடந்த பெரிய வாதங்களில் ஒன்று இதுதான். நன்மை தீமையை அறிவாலேயே உணர முடியும் என்றார்கள் முதலாமவர்கள். இறைவன் கட்டளையிட்டதால்தான் ஒன்று நன்மையாகிறது என்றார்கள் மற்றவர்கள். இரண்டு பக்கமும் ஆழ்ந்த பக்தர்கள். உலகைப் படைத்த கடவுள் என்ற எண்ணமே இல்லாத சமணமும் பௌத்தமும் கொல்லாமை, பொய்யாமை ஆகியவற்றில் எவ்வளவு கறாரானவை என்பதை நான் சொல்லித்தான் தெரிய வேண்டியதில்லை. ஆகவே, கடவுள் பயம் போனதும் நேர்மைக்கு அடியே இல்லாமல் போய்விடும் என்பது ஒரு கருத்துதான். நம்பிக்கையாளர்களே அதை எல்லோரும் ஏற்றுக்கொண்டதில்லை.

ஆனால் தத்துவத்தைவிட உங்களுக்கு உதவக்கூடியது ஒரு சிறு பரிசோதனை. ஜான் டார்லி, டேனியல் பேட்சன் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1973இல் வெளியிட்டது. அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் இறையியல் படித்துக்கொண்டிருந்த மாணவர்களைப் பக்கத்துக் கட்டடத்துக்குப் போய் ஒரு சிற்றுரை ஆற்றச் சொன்னார்கள். பாதிப் பேருக்குக் கொடுத்த தலைப்பு, வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவிய நல்ல சமாரியன் கதை. சிலரிடம், ‘ஏற்கனவே நேரமாகிவிட்டது, ஓடுங்கள்’ என்றார்கள். சிலரிடம், ‘நிறைய நேரம் இருக்கிறது’ என்றார்கள். போகும் வழியில் ஒருவர் சுருண்டு உட்கார்ந்து இருமிக்கொண்டும் முனகிக்கொண்டும் இருந்தார். அவர் ஆராய்ச்சியாளர்கள் ஏற்பாடு செய்த ஆள். நேரம் இருந்தவர்களில் 63 சதவீதம் பேர் நின்று உதவினார்கள். அவசரத்தில் இருந்தவர்களில் 10 சதவீதம் பேர்தான். சமாரியன் கதையைப் பற்றிப் பேசப் போகிறோம் என்ற நினைப்பு குறிப்பிடத்தக்க வித்தியாசம் எதையும் உண்டாக்கவில்லை. மதத்தில் எதற்காக ஈடுபாடு என்று முன்கூட்டியே கேட்டுவைத்திருந்தார்கள். யார் நிற்பார் யார் கடந்து போவார் என்பதை அந்தப் பதில்களை வைத்தும் கணிக்க முடியவில்லை.

40 பேரை வைத்துச் செய்த சிறிய சோதனை அது. அதை வைத்துப் பெரிய கோட்டை கட்ட மாட்டேன். ஆனால் உங்கள் நிலையில் அதைப் பொருத்திப் பாருங்கள். முன்பு மறுக்க முடிந்தது கடவுள் இருந்ததால், இப்போது தடுமாறுவது அவர் இல்லாததால் என்று நீங்களே ஒரு கணக்குப் போட்டுவைத்திருக்கிறீர்கள். மாத முடிவு என்ற நெருக்கடியையும் தூக்கமில்லாத இரவுகளையும் அந்தக் கணக்கில் சேர்க்கவே இல்லை. இரவு இரண்டு மணிவரை விழித்திருந்துவிட்டுக் காலையில் மேலதிகாரி முன்னால் நிற்பவருக்கு, எந்த நம்பிக்கை இருந்தாலும் மறுப்பது கடினமாகத்தான் இருக்கும்.

காரணம் வேண்டும் என்கிறீர்கள். வில்லியம் கிளிஃபர்ட் என்ற ஆங்கிலேயக் கணித அறிஞர் 1877இல் ஒரு கப்பல் முதலாளியைக் கற்பனை செய்து எழுதினார். பழைய கப்பல், பழுது பார்த்திருக்க வேண்டியது. சந்தேகம் முதலாளிக்கு வருகிறது. ஆனால் இத்தனை பயணம் போய் வந்த கப்பல் இதையும் தாங்கும், ஆண்டவன் காப்பாற்றுவான் என்று தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டு, குடும்பம் குடும்பமாக ஏறியவர்களைச் சந்தோஷமாக வழியனுப்பி வைக்கிறார். கப்பல் நடுக்கடலில் மூழ்குகிறது. காப்பீட்டுத் தொகையை வாங்கிக்கொள்கிறார். கிளிஃபர்ட் இதோடு விடவில்லை. அந்தக் கப்பல் பத்திரமாகக் கரை சேர்ந்திருந்தாலும் முதலாளியின் குற்றம் இம்மியும் குறையாது என்றார். சோதித்துப் பார்க்காமல் நம்புவதற்கு அவருக்கு உரிமை இருந்ததா என்பதுதான் அவர் கேட்ட கேள்வி.

கிளிஃபர்ட் இந்தக் கதையைச் சொன்னது, ஆதாரமில்லாமல் எதையும் நம்புவது தவறு என்று நிறுவுவதற்காக. அவ்வளவு தூரம் நான் அவரோடு போக மாட்டேன். 1896இல் அமெரிக்கத் தத்துவ அறிஞர் வில்லியம் ஜேம்ஸ் அவருக்கு எழுதிய மறுப்பு, வாழ்க்கையின் சில பெரிய தேர்வுகளில் ஆதாரம் வரும்வரை காத்திருக்க முடியாது என்பது, எனக்கு இன்றும் நியாயமாகப் படுகிறது. ஆனால் ஜேம்ஸும் கப்பல் முதலாளியை மன்னிக்கமாட்டார். உங்கள் விஷயம் அந்தக் கதைக்கு அவ்வளவு நெருக்கமானது. நீங்கள் கையெழுத்திட்ட அறிக்கையை நம்பி யாரோ ஒருவர் அந்த இயந்திரத்தை இயக்கப்போகிறார். அவர் உங்களைப் பார்த்ததில்லை. நீங்கள் எந்தக் கடவுளைக் கும்பிடுகிறீர்கள் என்று அவருக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். சோதித்திருக்கிறார்கள் என்ற ஒரே தைரியத்தில் கையை உள்ளே நீட்டுவார். மேலே ஒருவன் பார்த்துக்கொண்டிருந்த காலத்திலும் நீங்கள் மறுத்தது உண்மையில் இந்த மனிதருக்காகத்தான் இருந்திருக்கும். இப்போது அவரை நேராகவே நினைத்துக்கொள்ளலாம்.

என்ன செய்வது? மேலதிகாரிக்கு எழுத்தில் பதில் கொடுங்கள். ‘இந்தச் சோதனை இன்னும் செய்யப்படவில்லை. செய்து முடிக்க இத்தனை நாள் தேவை. முடிந்ததும் அறிக்கை தருகிறேன்.’ இவ்வளவு போதும். அறநெறி, மனசாட்சி என்றெல்லாம் எழுதவேண்டாம். எழுதினால் பேச்சு சோதனையிலிருந்து உங்கள்மீது திரும்பிவிடும். ஒரு பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். இதற்கு விலை கொடுக்கவேண்டி வராது என்று உங்களிடம் சொல்ல மாட்டேன். வரலாம். வந்தால் தொழிற்சங்கம், தொழிலாளர் சட்டம் தெரிந்த வழக்கறிஞர் என்று துணை தேடுங்கள். தனியாக நிற்காதீர்கள்.

இனி அம்மா.

வழிபாடு நடத்துவது வேஷமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேஷம் இல்லை என்பது என் கருத்து. சடங்கைச் செய்பவர் மனதில் ஒரு குறிப்பிட்ட கொள்கை இருந்தே ஆகவேண்டும், இல்லாவிட்டால் அது பித்தலாட்டம் என்பது எல்லா மரபுகளும் ஒப்புக்கொண்ட விதி அல்ல. கிறிஸ்துவுக்கு முன் மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்த சீனச் சிந்தனையாளர் சுன்சி, மழை வேண்டி வழிபட்ட பின் மழை பெய்தால், வழிபடாமலே பெய்த மழைக்கும் அதற்கும் வித்தியாசமில்லை என்று எழுதியவர். அவ்வளவு கறாரானவர். அவரே இறந்தவர்களுக்கான சடங்குகளை ஒன்றுவிடாமல் செய்யவேண்டும் என்றும் வலியுறுத்தினார். பாமரர் அதை ஆவிகளுக்குச் செய்வதாக நினைக்கிறார்கள், அறிந்தவருக்கோ அது மனிதர் மனிதருக்குச் செய்யும் கடமை, நினைவுக்கும் ஏக்கத்துக்கும் கொடுக்கும் ஒரு வடிவம் என்பது அவர் விளக்கம். இந்தியாவிலும் வேதச் சடங்குகளை மயிரிழை பிசகாமல் செய்யவேண்டும் என்று வாதாடிய பூர்வ மீமாம்சகர்களில் குமாரில பட்டர் போன்றவர்கள், உலகைப் படைத்த கடவுள் என்ற கருத்தையே மறுத்தவர்கள். உங்கள் வீட்டு வழிபாட்டில் நீங்கள் அப்பாவின் இடத்தில் நிற்கிறீர்கள். அம்மாவின் நாளுக்கு ஓர் ஒழுங்கு கிடைக்கிறது. அவருக்காக அந்த இடத்தில் நிற்பதில் எந்தப் பொய்யும் இல்லை.

பொய் இருப்பது ‘ஆமாம்மா’வில். வேண்டிக்கொண்டாயா என்று உங்கள் அகத்தைப் பற்றிக் கேட்கிறார். நடக்காததை நடந்ததாகச் சொல்கிறீர்கள். அலுவலகத்தில் உங்களிடம் கேட்பதும் இதே மாதிரியான ஒன்றைத்தான் என்பதைக் கவனித்தீர்களா? இரண்டும் ஒரே எடை என்று சொல்லவில்லை. ஒன்றில் ஒருவரின் கை போகலாம், இன்னொன்றில் ஓர் அம்மா நிம்மதியாகத் தூங்குகிறார்.

‘பொய்மையும் வாய்மை இடத்த’ என்று தொடங்கும் குறளை இந்த மாதிரி நேரத்தில் எல்லோரும் எடுத்துவிடுவார்கள். குற்றமற்ற நன்மை தருமானால் பொய்யும் வாய்மையாகும் என்ற அந்த 292ஆம் குறளுக்கு அடுத்ததாகவே, ‘தன்நெஞ் சறிவது பொய்யற்க பொய்த்தபின் தன்நெஞ்சே தன்னைச் சுடும்’ என்று வைத்திருக்கிறார் வள்ளுவர். முதல் குறள் அம்மாவின் பக்கத்திலிருந்து பேசுகிறது. அடுத்தது உங்கள் பக்கத்திலிருந்து. உங்கள் கடிதம் முழுக்க அந்த இரண்டாவது குறள்தான்.

எனவே பதிலை மாற்றிப்பாருங்கள். வழிபாடு முடியும்போது ஒரு நிமிடம் அம்மாவை நினையுங்கள். அவருடைய உடம்பை, அவர் தூக்கத்தை, அன்றைக்கு அவர் சொன்ன ஏதோ ஒன்றை. இரவில் அவர் கேட்டால், ‘உங்களையேதாம்மா நினைச்சுக்கிட்டேன், நீங்க நல்லா இருக்கணும்னு’ என்று சொல்லுங்கள். அது உண்மையாக இருக்கும். இது மழுப்பல் இல்லையா என்று கேட்பீர்கள். ஓரளவு மழுப்பல்தான். ஆனால் நடக்காததை நடந்ததாகச் சொல்வதற்கும், நடந்ததை மட்டும் சொல்லி மீதியைச் சொல்லாமல் விடுவதற்கும் நடுவில் இருக்கும் வித்தியாசத்தில்தான் பெரும்பாலான குடும்பங்கள் வாழ்கின்றன.

அவரை உட்காரவைத்து, ‘எனக்கு நம்பிக்கை போய்விட்டது’ என்று அறிவிக்கவேண்டுமா? வேண்டாம் என்பேன். இதில் என் துறையிலேயே என்னோடு உடன்படாதவர்கள் உண்டு. மறைத்து வைக்கும் எதுவும் உறவைக் கெடுக்கும் என்பார்கள். 78 வயதில் அவர் கேட்காத ஒன்றைச் சொல்லி, உங்கள் பாரத்தை இறக்கி அவர் தலையில் வைப்பதில் எனக்கு உண்மையைவிட அவசரம்தான் அதிகம் தெரிகிறது. ஆனால் அவராகவே ஒருநாள், ‘உனக்கு நம்பிக்கை இருக்காப்பா?’ என்று நேராகக் கேட்டால், அன்றைக்குப் பொய் சொல்லாதீர்கள். ‘முன்ன மாதிரி இல்லம்மா. ஏன்னு எனக்கே தெரியல’ என்று சொல்லுங்கள். அதற்குமேல் அவர் எவ்வளவு கேட்கிறாரோ அவ்வளவு.

இன்னொரு விஷயம். அம்மாவின் நம்பிக்கை அசையாத பாறை என்று முடிவுகட்டிவிடாதீர்கள். கென்னத் பார்கமென்ட் என்ற உளவியலாளரும் அவருடைய சக ஆராய்ச்சியாளர்களும் 2001இல் வெளியிட்ட ஆய்வில், மருத்துவமனையில் சேர்ந்திருந்த 55 வயதுக்கு மேற்பட்ட நோயாளிகள் ஏறத்தாழ 600 பேரை இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். கடவுள் தன்னைக் கைவிட்டுவிட்டாரோ, தன்னிடம் அன்பு இல்லையோ என்று தவித்தவர்கள் அதில் இருந்தார்கள். மற்றவர்களைவிட அவர்களிடையே இறப்பு அபாயம் கூடுதலாகவும் இருந்தது. முதியவர்களின் நம்பிக்கையும் ஆடும், ஆடினால் சொல்ல ஆள் இருக்காது. ‘வேண்டிக்கிட்டியா?’ என்று அவர் தினமும் உங்களைக் கேட்கிறார். ‘நீங்க என்னம்மா வேண்டிக்கிட்டீங்க?’ என்று நீங்கள் அவரைக் கேட்டதுண்டா? கேளுங்கள். பதில் பயமாக இருக்கலாம், அப்பாவைப் பற்றியதாக இருக்கலாம், உங்கள் முகத்தைப் பார்த்து அவருக்கு வந்த சந்தேகமாகக்கூட இருக்கலாம். அம்மாக்களிடம் நாம் மறைத்ததாக நினைத்துக்கொண்டிருப்பவற்றில் பாதியை அவர்கள் முன்பே பார்த்துவிட்டுப் பேசாமல் இருக்கிறார்கள்.

மகள் கேட்டது இரண்டு கேள்விகள். நீங்கள் ஒன்றுக்குத்தான் பதில் சொன்னீர்கள். ‘பாத்திருக்கீங்களா?’ என்பதற்கு ‘இல்லம்மா, பார்த்ததில்லை’ என்ற எளிய உண்மை கையிலேயே இருந்தது. ஆழ்ந்த பக்தி உள்ள அப்பாக்களில் பெரும்பாலோரும் அதையேதான் சொல்ல வேண்டியிருக்கும். அதில் தொடங்குங்கள். ‘அன்னைக்கு நீ கேட்டப்ப சட்டுனு சொல்லிட்டுப் போயிட்டேன். யோசிச்சுப் பார்த்தேன். கடவுள் இருக்காருன்னு பாட்டி நம்பறாங்க, அம்மாவும் நம்பறாங்க. எனக்கு இன்னும் உறுதியாத் தெரியல. உனக்கு என்ன தோணுது?’ 9 வயதுக்கு இது தாராளமாகப் புரியும். பெரியவர்களுக்கும் தெரியாத விஷயங்கள் உண்டு என்பது அந்த வயதில் குழந்தைகளை நாம் பயப்படும் அளவுக்குக் கலங்கடிப்பதில்லை.

கடவுள் பயம் இல்லாமல் வளர்ந்தால் அவள் கெட்டுப்போவாளோ என்ற கவலையும் உங்களுக்கு இருக்கும் என்று நினைக்கிறேன், எழுதாவிட்டாலும். லாரி நூச்சி, எலியட் டூரியல் இருவரும் 1993இல் வெளியிட்ட ஆய்வில், பக்தியான கிறிஸ்தவ, யூதக் குடும்பங்களின் பிள்ளைகளிடம் ஒரு கேள்வி கேட்டார்கள். திருடலாம் என்று கடவுளே சொல்லியிருந்தால் திருடுவது சரியாகிவிடுமா? பெரும்பாலான பிள்ளைகள் ஆகாது என்றார்கள். வழிபாட்டு நாளைப் பற்றிய விதிகளைக் கடவுள் மாற்றினால் மாற்றிக்கொள்ளலாம் என்று சொன்ன அதே பிள்ளைகள், அடுத்தவரை நோகடிக்கும் செயல்களில் அப்படிச் சொல்லவில்லை. பிளேட்டோவின் கேள்விக்கு அவர்கள் தங்களுக்குத் தெரியாமலே ஒரு பக்கம் சாய்ந்து விடை சொல்லிவிட்டார்கள்.

நடைமுறையில் ஒரு சிக்கல் உண்டு. மகளிடம் காலையில் சொன்னது மாலைக்குள் பாட்டியிடம் போய்விடும். ‘பாட்டிகிட்ட சொல்லிடாதே’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். உங்களை மூச்சுமுட்ட வைக்கும் ஒளிவை ஒரு குழந்தையிடம் ஒப்படைப்பதாகிவிடும். அதனால்தான் வரிசை முக்கியம். மனைவியிடம் பேசாமல் மகளிடம் பேச வேண்டாம். அவளுக்கு எதை எப்படிச் சொல்லி வளர்ப்பது என்பதில் உங்களுக்கு எவ்வளவு உரிமையோ அவ்வளவு அவருக்கும் உண்டு. நீங்கள் இருவரும் வேறு வேறு பதில் சொல்லலாம், குழந்தைக்கு அது பழகிவிடும். ஒருவர் சொல்வது இன்னொருவருக்கு அதிர்ச்சியாக இருக்கக் கூடாது.

மனைவியிடம் எப்படித் தொடங்குவது என்று தெரியாவிட்டால் எனக்கு எழுதிய கடிதத்தை அவரிடம் கொடுங்கள். அதில் எல்லாம் இருக்கிறது, உங்களால் வாய்விட்டுச் சொல்ல முடியாத அந்த ‘எதிரே யாரும் இல்லை’ உட்பட. அவருக்குக் கோபம் வரலாம். நம்பிக்கை போனதைவிட, இத்தனை நாள் தன்னிடம் சொல்லாமல் இருந்ததற்காக. அதை நியாயமான கோபமாக ஏற்றுக்கொள்ளுங்கள். அவரை உங்கள் பக்கம் இழுக்க வாதாடாதீர்கள். அவர் உங்களைத் திரும்ப இழுக்க முயன்றால் கொஞ்ச நாள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

காணொளிகளை நிறுத்துங்கள். குறைந்தது இரவில். உங்கள் நம்பிக்கை ஒரு வாதத்தில் தோற்றுப் போகவில்லை. நீங்களே வடிந்துபோனது என்றுதான் எழுதியிருக்கிறீர்கள். வாதத்தால் போகாதது வாதத்தால் வரப்போவதும் இல்லை. அந்தக் காணொளிகளை எடுப்பவர்களுக்குத் தேவை நீங்கள் அடுத்ததையும் பார்ப்பது. இரண்டு தரப்புக்கும் இது பொருந்தும். படிக்க ஆசையிருந்தால் பகலில் புத்தகம் படியுங்கள்.

நம்பிக்கை திரும்புமா? என்னிடம் வருபவர்களில் இரண்டு விதமானவர்களைப் பார்க்கிறேன். சிலர் கடவுளோடு சண்டை போட்டுவிட்டு வெளியேறியவர்கள். ஒரு மரணம், ஒரு துரோகம், மதத்தின் பேரால் நடந்த ஒரு கொடுமை. அவர்களுக்குள் பேச்சு இன்னும் நடந்துகொண்டிருக்கும். கடவுள் இல்லை என்று சொல்பவர்களே அவர்மீது கோபப்படுவதை ஜூலி எக்ஸ்லைன் போன்ற ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். நீங்கள் மற்ற விதம். சண்டை இல்லை, காரணம் இல்லை, அமைதியாக வற்றிப்போனது. இதில் சிலருக்கு வற்றியது நம்பிக்கை. சிலருக்கு உணர்ச்சி மட்டும். இரண்டும் ஒன்றல்ல. அன்னை தெரசாவின் அந்தரங்கக் கடிதங்கள் 2007இல் வெளியானபோது, பல பத்தாண்டுகளாக அவர் கடவுளின் இருப்பையே உணராமல் இருளில் இருந்தது உலகத்துக்குத் தெரியவந்தது. அவர் தன் சபையை விட்டும் போகவில்லை, வேலையை விட்டும் போகவில்லை. உங்களிடமிருந்து போனது எது என்று உங்களுக்கே இப்போது தெரியாது. தூக்கமில்லாமல், ரகசியம் காத்துக்கொண்டு இருக்கும்வரை தெரியவும் வராது. சிலருக்குத் திரும்புகிறது, பெரும்பாலும் வேறு உருவத்தில். சிலருக்குத் திரும்புவதில்லை, அவர்களும் நன்றாகவே வாழ்கிறார்கள். கெடு வைக்காதீர்கள், முயன்று வரவழைக்கவும் பார்க்காதீர்கள்.

கடைசியாக ஓர் எச்சரிக்கை. வழிபாட்டில் மட்டும்தான் வெறுமை என்றால் மேலே சொன்னவை போதும். அந்த வெறுமை சாப்பாட்டிலும், வேலையிலும், மகளோடு விளையாடும்போதும் இருந்தால், காலையில் எழுந்திருப்பதே பாரமாக இருந்தால், வாழ்ந்து என்ன என்ற நினைப்பு தலைகாட்டினால், அது மனச்சோர்வாக இருக்கலாம். அப்பாவின் மறைவை நீங்கள் இன்னும் முழுதாக அழுது தீர்க்காததாகவும் இருக்கலாம். மனச்சோர்வுக்கு நல்ல சிகிச்சை இருக்கிறது. அப்படியென்றால் கடவுள் உண்டா இல்லையா என்பதை ஒத்திவைத்துவிட்டு, இந்த வாரமே ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள். மனைவியையும் உடன் அழைத்துப் போங்கள்.